ராயப்பன் போனில் இருந்த ரெக்கார்டு

பெட்டியை மூடப் போகிற நேரத்தில் மாடசாமி குறுக்கே கை நீட்டி, ஒரே ஒரு ஆட்டம் ஆடிக்கொள்கிறேன் மதினி என்று என்னைக் கெஞ்சினான்.

பெட்டிக்குள் என் வீட்டுக்காரர் ராயப்பன். வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை, சட்டைப் பையில் அவருடைய பழைய பட்டன் போன்.

போன் அவர் கேட்டுக்கொண்டபடி போவது. சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் மகன் ரெக்ஸிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இதையும் என்னோடு சேர்த்துப் புதைத்துவிடு, வெளியே விட்டால் மாடசாமி ரெக்கார்டை உடைத்துவிடுவான் என்று. ஆத்துமத்தைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

என்ன ரெக்கார்டு என்கிறீர்களா, கண்ணுகளா? பாம்பு கேம்.

சிப்காட்டில் அவர்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த கம்பெனியில் கேமரா போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஓசூரே டச் போன் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாலும் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போவது பட்டன் போன் மட்டும்தான். பட்டன் போனில் வேறென்ன இருக்கிறது? பாம்பு இருக்கிறது.

கதை கிடையாது. பாட்டு கிடையாது. காப்பாற்ற ஒரு ராணிகூடக் கிடையாது. தின்றால் நீளும், நீண்டால் தன் வாலையே கடித்துச் சாகும். செத்த கையோடு மறுபடி பிறந்துகொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். டீ பிரேக்குக்கு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ரெக்கார்டு ராயப்பன் போனில் இருந்ததால் சவால் விடுகிறவன் அந்த போனில்தான் ஆட வேண்டும். டீ வாங்கித் தந்தால் ஒரு ஆட்டம். ரிட்டையர் ஆன பிறகும் ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு போனைத் துடைத்து எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு எதிர்த்த கடையில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அவர் மட்டும் யார் முன்னாலும் ஆட மாட்டார். கண் பட்டுவிடுமாம்.

மாடசாமி கிட்டே கிட்டே வருவான். மறுநாள் பார்த்தால் ரெக்கார்டு இன்னும் மேலே போயிருக்கும். அன்றைக்காவது கூட்டாளிகளுக்கு ஒரு வடை? மூச்சு விட மாட்டார். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் கால் கிலோ மைசூர்பாகு கட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். இப்படி ஒரு கஞ்சன் உண்டா மதினி என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே புகார் சொல்லி அழுதவன் மாடசாமி.

காலையிலிருந்து நான் அழவில்லை. வந்திருந்த பெண்கள் அதையும் ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆடட்டும் என்று தலையாட்டினேன். ரெக்ஸ் அப்பாவின் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தான்.

உபதேசியார் ஜெபப் புத்தகத்துக்குள் விரலை அடையாளம் வைத்து மூடிக்கொண்டார். பேகா, பேகா என்று கன்னடத்தில் வாசலில் அவசரப்படுத்திக்கொண்டிருந்த அத்திப்பள்ளி வண்டிக்காரர் உள்ளே வந்து மாடசாமியின் தோளுக்குப் பின்னால் நின்றார். பக்கத்து வீட்டு மாரம்மா ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள்.

டிக் டிக் என்று பட்டன் சத்தம் மட்டும்.

பாம்பு நீண்டது. மடிந்தது. திரை முழுக்க அடைத்துக்கொண்டு, திரும்ப இடமில்லாமல் ஊர்ந்தது. நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றேன். நன்றாகத்தான் ஆடினான். அவனுக்கு அவ்வளவு வேகம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

இன்னும் ஒரே ஒரு இரை. தின்றால் ரெக்கார்டு உடையும். நேர் வழி, நடுவில் தடை எதுவும் இல்லை.

மாடசாமி ராயப்பன் முகத்தைப் பார்த்தான். பாம்பைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டினான்.

ரெக்கார்டு உன்னோடயே இருக்கட்டும்ணே என்று விம்மினான்.

உபதேசியார் மூக்கைச் சிந்தினார். ரெக்ஸ் மாடசாமியைக் கட்டிக்கொண்டான். தமிழ் சரியாகத் தெரியாத வண்டிக்காரர்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு வந்தது எரிச்சல்.

போனைத் திரும்பச் சட்டைப் பையில் வைக்கக் குனிந்தவனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் மாடசாமி. உங்க அண்ணன் கடைசி வரைக்கும் நூறைத் தாண்டினதில்ல.”

அவனுக்கு விளங்கவில்லை. பகலில் அவர் குறட்டை விடுகிற நேரத்தில், அடுப்பில் குக்கர் விசில் வருகிறவரைக்கும் இந்த போன் யார் கையில் இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தூங்கி எழுந்து நம்பரைப் பார்ப்பார். என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாடசாமி என்னைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

“அப்ப அந்த மைசூர்பாகு?”

பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை முந்திக்கொண்டது. பெண்களுக்கெல்லாம் ஒரே நிம்மதி.

பெட்டியை மூடினார்கள். போன் என் கையில் இருந்தது. சார்ஜ் இன்னும் இரண்டு கோடு காட்டியது.