பைன் மரத்துச் சண்டை

"தேக்குதான் வேணும்! இல்லாட்டி ஊடே கட்ட வேணாம்!"

கும்மிடிப்பூண்டி மரக்கடை வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு ஒருவர் கத்தினார்.

"இன்னாத்துக்குய்யா இந்தக் கத்து? ஜன்னலுக்கு பெயிண்டு அடிக்கப் போறே. உள்ள இன்னா மரம்னு எவன் சுரண்டிப் பாக்கப் போறான்? பைன் மரத்தையே எடு" என்றாள் பக்கத்தில் பையும் கையுமாக நின்ற அவர் மனைவி.

பொன்னேரியிலிருந்து தேக்கு வாங்க வந்திருந்த ராமானுஜம் தயங்கி நின்றார். அவர் வீட்டு ஜன்னல் சட்டங்களைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. மறுபடி அப்படி நடந்தால் பிறந்தகம் போய்விடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள் அவர் மனைவி பங்கஜவல்லி.

"பாசி புடிச்சாப்ல பச்சையா கீது. கரையானுக்கு நாஷ்டா வாங்கினு போவச் சொல்றியா?"

"அது பாசியில்ல, கரையான் மருந்து. உள்ள வரைக்கும் ஏத்திக்கீறாங்க. அறுத்த முனையில இன்னொரு தபா தடவிட்டா போதும்."

"போடி! உனக்கு இன்னா தெரியும்?"

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களே சொல்லுங்க சாமி" என்று ராமானுஜத்திடம் திரும்பினாள். உள்ளே கணக்குப்பிள்ளை அருணகிரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

ராமானுஜத்துக்கு மனசு கேட்கவில்லை.

"ஏன் ஸ்வாமி, அந்தம்மா சொல்றதுல என்ன தப்பு? வாசக்காலுக்குத் தேக்கு வையுங்கோ, நியாயம். பெயிண்ட் அடிக்கற சட்டத்துக்குமா? பட்டு வேஷ்டி கட்டிண்டு மேல சாக்கைச் சுத்திக்கற கதைன்னா இது!"

"பேசறது சுலபம் சாமி. உங்க ஊட்டுக்குன்னா நீங்க இத வாங்குவீங்களா?"

"ஏன் வாங்காம? இப்பவே வாங்கறேன், பாருங்கோ!"

சொன்ன வேகத்தில் வாங்கியும் விட்டார். கோணல் இல்லாத, முடிச்சு இல்லாத கட்டைகளாக அந்த அம்மாளே பொறுக்கிக் கொடுத்தாள். கணவரும் குடையைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏற்றக் கைகொடுத்தார்.

கடை மாட்டுவண்டி நகர்ந்ததும் ராமானுஜம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வண்டிக்காரனிடம் பேச்சுக் கொடுத்தார். "என்னால ஒரு குடும்பச் சண்டை தீர்ந்தது. என்னப்பா குப்பா, மரம் நல்லதுதானே?"

"சூப்பர் மரம் சாமி. என் ஊட்டு ஜன்னலும் இதான்."

"பாவம், அந்தத் தம்பதி எந்த ஊரோ?"

"இதே ஊருதான். கடையே அவங்களுதாச்சே! தேக்கு கேட்டுக்கினு யாரு வந்தாலும் எங்க மொதலாளியம்மாவுக்கு உடனே கண்ணு கலங்கிடும் சாமி!"