எட்டு நொடி

சக்கரம் மறுபடியும் சுற்றியது. எட்டு நொடி. பிறகு அதே வரி: ‘சர்வர் பிஸி. சற்று நேரம் கழித்து முயலவும்.’

கலைமதி மவுஸை மேசையில் ஓங்கி வைத்தாள்.

விழுப்புரத்தில் உள்ள ஒரு மகளிர் விடுதியின் இணையதளம் அது. திண்டிவனத்தில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்தச் சின்ன ஆபீஸ்தான் அதைச் செய்துகொடுத்தது. செய்தவன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஏழு மாதமாகக் கலைமதி பார்த்துக்கொள்கிறாள்.

தளத்தில் போட்டிருக்கும் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டு, போனில் ரோஜா காத்திருந்தாள். பனமலைப் பக்கத்துப் பெண். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். வேலை முடிய ஒன்பதரை ஆகும், அதற்குமேல் ஊருக்குப் பஸ் இல்லை. விடுதியில் படுக்கை கிடைத்தால்தான் வேலை. பதிவு இன்று ஐந்து மணியோடு முடிகிறது.

இப்போது நாலே கால்.

“நாலு நாளா அழுத்திக்கினே இருக்கேன்க்கா. ஊருக்கே வேல செய்யிற சர்வரு, என்னப் பாத்தா மட்டும் பேஜாராயிடுதா?”

கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. உங்க ஊர்ல சிக்னல் சரியில்ல, வேற போன்ல பாரு, பிரவுசிங் சென்டருக்குப் போ என்று நாலு நாளாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணும் ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, பஸ் ஏறிப் போய்ச் செய்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டாள்.

தன் பெயரையும் மேம்பாலத்துப் பக்கத்து முகவரியையும் போட்டுக் கலைமதி எத்தனை தடவை சோதித்தாலும் அடுத்த பக்கம் உடனே வந்துவிடுகிறது. அதனால்தான் கோளாறு இங்கே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்று ரோஜாவின் விவரங்களையே வாங்கி அப்படியே தட்டினாள். சக்கரம் சுற்றத் தொடங்கியது.

பிரவுசரின் உள்வேலையைக் காட்டும் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டாள். பதிவுப் பக்கத்திலிருந்து சர்வருக்கு எது போனாலும் அங்கே ஒரு வரி விழும். மறுபடி அழுத்தினாள். எட்டு நொடியும் அந்தப் பட்டியல் காலியாகவே இருந்தது.

எதுவும் போகவில்லை. போகாத ஒன்றுக்குப் பதில் எங்கிருந்து வருகிறது?

நிஜமாகத் திணறும் சர்வர் ஒரு தடவை மூன்று நொடி எடுக்கும், இன்னொரு தடவை பதினைந்து. இது ஒவ்வொரு தடவையும் சரியாக எட்டு.

ஒவ்வொரு கட்டமாக மாற்றிப் பார்த்தாள். பெயரை மாற்றினாள், சுற்றியது. தகப்பன் பெயரை மாற்றினாள், சுற்றியது. போன் நம்பர், வயது, படிப்பு. கடைசியில் முகவரி. அதிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை எடுத்ததும் அடுத்த பக்கம் வந்து நின்றது.

திரும்பச் சேர்த்தாள், சுற்றியது.

அந்தச் சொல்லைப் போட்டு, பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்டுக்குள் தேடினாள். பத்தொன்பது வரி. முகவரியில் காலனி இருந்தால் எதையும் அனுப்பாதே. எட்டு நொடி சக்கரத்தைச் சுற்று. சர்வர் பிஸி என்று சொல். அதற்குக் கீழே விதிவிலக்குகள். என்.ஜி.ஓ. காலனி, போலீஸ் காலனி, ஹவுசிங் போர்டு காலனி என்றால் விட்டுவிடு.

ஊர்த்தெருவுக்கு வெளியே ஒதுக்கிய காலனி எது, உத்தியோகக்காரர்களின் காலனி எது என்று தெரிந்து, பொறுமையாக உட்கார்ந்து பிரித்திருக்கிறான். ஸ்கிரிப்டில் கோளாறே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறது.

அந்த எட்டு நொடியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இடம் தர மாட்டோம் என்று சொல்லத் தைரியமில்லாமல், உள்ளே ஏதோ முயற்சி நடப்பதுபோல் ஒரு நடிப்பு.

“சார், இத யாரு போடச் சொன்னாங்க?”

முதலாளி கோகுலகிருஷ்ணன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“அத ஏம்மா நோண்டிக்கினு இருக்க? பார்ட்டி கேட்டாங்க, போட்டுக் குடுத்தோம். கூடத் தங்கற பொண்ணுங்க வூட்ல கேப்பாங்களாம். அந்தப் பொண்ண அட்ரஸ மாத்திப் போடச் சொல்லு, ஜல்தியா முடிஞ்சிடும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுல என்னா வந்துச்சு?”

நம்மள மாதிரி.

போனில் ரோஜா அத்தனையும் கேட்டிருந்தாள். “மாத்திப் போட்டுடட்டுமாக்கா?” என்றாள். குரலில் முன்பிருந்த கேலி இல்லை.

“ஒரு எழுத்தக்கூட மாத்தாத.”

பத்தொன்பது வரியையும் அழித்தாள். தளத்தில் ஏற்றினாள். இப்போது அழுத்து என்றாள்.

“வந்துடுச்சுக்கா,” என்றது மறுமுனை.

நாளைக்கு விடுதிக்காரர்கள் அந்தப் படுக்கையை ரத்து செய்யலாம். செய்தால், வாயைத் திறந்து காரணம் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

போனை வைத்துவிட்டுக் கலைமதி இன்னொரு படுக்கைக்கும் பதிவு செய்தாள். பதினைந்து வயதிலிருந்து எந்தப் படிவத்திலும் எழுதாத ஒரு வரியை எழுத வேண்டியிருந்தது. விரல்கள் அதைத் தப்பில்லாமல் தட்டின.

பதிவு ஒவ்வொன்றுக்கும் கோகுலகிருஷ்ணனின் செல்லுக்குத் தகவல் வரும். இரண்டாவது முறையும் அது ஒலித்தது. எடுத்துப் படித்தார்.

“ரோஜா, சரி. ரெண்டாவது யாரு, கலைமதி, தகப்பனார் பூமாலை. ஏம்மா, மேம்பாலத்துக்கிட்ட வூட்ட வெச்சிக்கினு உனக்கு எதுக்கு ஹாஸ்டலு?” சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனார். “நெம்பர் முப்பத்தொண்ணு, புதுக் காலனி...”

சிரிப்பு நின்றது.

“மேம்பாலத்துக்கிட்ட இருக்கறது எங்க சித்தி வூடு சார்,” என்றாள் கலைமதி. “மீதியையும் படிங்க.”