குன்வோரின் பஞ்சர்

“எல்லாரும் கிளம்புங்க. வல்லி, நீ மட்டும் நில்லு. நீ என்கூட நடந்து வர்ற.”

குன்வோர் சொன்னால் அந்தப் பல் மருத்துவமனையில் மறுபேச்சு கிடையாது. அறுபதை நெருங்கும் தலைமை டாக்டரம்மா. ஒரு நிமிடம் பிந்தி வந்த நோயாளியையும், ‘இன்னொரு நாள் வாங்க’ என்று திருப்பி அனுப்புகிறவர்.

“என் சைக்கிள் பின் டயர் பஞ்சர். ஏரி வரைக்கும் தள்ளிக்கிட்டுதான் வரணும். தனியா நடக்க என்னால ஆகாது.”

“கொஞ்சம் இருங்க, நான் பாக்குறேன்,” என்றான் கூட வேலை பார்க்கும் ஒஸ்கர்.

“பாத்துக்கிட்டு எல்லாரையும் காக்க வைக்கவா? நீ போ. போய் காபியைப் போடு.”

மணியடித்துக்கொண்டு மற்ற சைக்கிள்கள் எல்லாம் புறப்பட்டுப் போயின.

வல்லிக்கு உள்ளுக்குள் ‘அப்பாடா’ என்றிருந்தது. ஏனென்றால் அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஸ்வீடனுக்கு வந்து வேலையில் சேர்ந்த புதிதில், காபி நேரத்தில் யாரோ கேட்டார்கள். “நீயும் சைக்கிள் ஓட்டுவதானே?” மூன்று வயதுக் குழந்தையெல்லாம் சைக்கிளில் பறக்கிற ஊரில், முப்பத்தெட்டு வயதுக்காரி எப்படி இல்லை என்பது? தலையை ஆட்டி வைத்தாள். அது இப்போது கோடைச் சுற்றுலா வடிவில் வந்து கழுத்தைப் பிடித்தது. எல்லாருக்கும் வாடகைச் சைக்கிள் சொல்லியாகிவிட்டது.

“இதென்ன கம்பசூத்திரமா?” என்று அவள் புருஷன் மாடசாமி இரண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலம் பின்னால் ஓடினான். அவளுக்கு முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

“தெரியாதுன்னு சொல்லித் தொலையேன்டி!”

“செத்தாலும் சொல்ல மாட்டேன். நான் பேசுற ஸ்வீடிஷைக் கேட்டே உதட்டுக்குள்ள சிரிக்கிறாங்க. இது வேறயா?”

இன்று காலை அவளுக்கென்று நிறுத்தியிருந்த சைக்கிளின் சீட் அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. குன்வோர் பக்கத்தில் வந்து, “உயரம் சரியா இருக்கா?” என்று கேட்டார்.

“ரொம்பச் சரி,” என்றாள் வல்லி.

அந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் சைக்கிள் பக்கம் போய்விட்டார்.

சரி, எப்படியோ தப்பித்தோம் என்ற நிம்மதி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஏரிக்கு ஏழு கிலோமீட்டர். கேக் டப்பா, உருளைக்கிழங்கு சாலட், போர்வை என்று எல்லாவற்றையும் குன்வோர் வல்லியின் சைக்கிளில் ஏற்றிவிட்டார்.

“சும்மா வர்ற சைக்கிள்தானே, சுமக்கட்டும்.”

சுமந்தது சைக்கிள், தள்ளியது வல்லி. மேட்டில் ஏற்றி ஏற்றித் தோள்பட்டை கழன்றது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ஈ வேறு காதைச் சுற்றியது.

“கொஞ்சம் உக்காரலாமா?”

“உக்காந்தா எந்திரிக்க மனசு வராது. நட.”

அந்த அம்மாவும் நொண்டிக்கொண்டுதான் வந்தார். “இடுப்பு வலி. நடந்தா உயிர் போகுது. சைக்கிள்ல ஏறிட்டேன்னா ஒண்ணும் தெரியாது,” என்று பல்லைக் கடித்தார்.

‘அப்போ வீட்லயே கெடக்க வேண்டியதுதானே?’ வல்லிக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

இந்த ஊரில் பெரியவர் சின்னவர் பேதமில்லை, டாக்டரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குத்தான் போலிருக்கிறது. மூட்டை தள்ள ஆள் வேண்டுமென்றால் கண் நேராகப் புதிதாக வந்தவள் மேல்தானே விழுகிறது!

போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் நீந்தி முடித்துத் தலையும் காயவைத்திருந்தார்கள். ஸ்ட்ராபெர்ரி பாதிக்கு மேல் காலி. வல்லி புல்லில் பொத்தென்று விழுந்தவள், சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள்.

காபி குடித்து முடித்த நேரத்தில் ஒஸ்கர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“குன்வோர், டியூபைக் கழட்டித் தண்ணியில முக்கிப் பாத்தேன். ஓட்டையே இல்ல. வால்வு லூசா இருந்திருக்கும். காத்தடிச்சாச்சு, கல்லு மாதிரி இருக்கு. திரும்பிப் போறப்ப ஜாலியா ஓட்டிட்டு வாங்க!”

“உன்னை யாரு கேட்டா?” என்று எரிந்து விழுந்தார் குன்வோர். ஒரு நன்றிகூட இல்லை. ஒஸ்கரின் முகம் விழுந்துவிட்டது.

வல்லி தன் சைக்கிளைப் பார்த்தாள். இனி தப்பிக்க வழியே இல்லை. இத்தனை பேர் பார்க்க அந்தச் சீட்டில் ஏறி, விழுந்து புரளப் போகிறாள். நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேலைக்குப் போவது?

மற்றவர்கள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரைக் கழிப்பறைக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வரலாம் என்று மெல்ல நழுவினாள்.

அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

குன்வோர். ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி தன் சைக்கிளின் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து, வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். உஸ்ஸென்று காற்று இறங்கிக்கொண்டிருந்தது.

வல்லி சத்தமில்லாமல் திரும்பி வந்து கூட்டத்தோடு நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஏரிக்கரை அதிர அந்தக் குரல் கேட்டது.

“இந்தச் சனியன் புடிச்ச டயர் மறுபடியும் போச்சு! வல்லி, அங்க என்ன வேடிக்கை? வா, நடக்கணும்!”