மெர்டேக்கா காலை, நாலாவது மாடி

"நிலா மேல வரணும்..."

"மேலதான இருக்கு..."

"இடது பக்கம், பேச்சாயி. இடது பக்கம்..."

"எந்த இடது? நான் நிக்கிற இடதா, ரோட்டுல நிக்கிறவனோட இடதா?"

அவள் புருஷன் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நின்று, ஜன்னல் கம்பிக்கு வெளியே கை நீட்டித்தான் பிறை நிலா போட்ட நாட்டுக் கொடியைக் கட்ட வேண்டும். கட்டுகிறவளுக்குத் தெரிவது அதன் முதுகு.

நாற்பது வருடமாக அவள்தான் கட்டுகிறாள். ஒரு மெர்டேக்கா சுதந்திர நாளிலும் அவர் இப்படிக் கிட்டே வந்து நின்றதில்லை. தொலைக்காட்சியில் அணிவகுப்பைப் பார்த்தபடி, கோப்பி வருமா என்று கேட்கிறவர்.

இந்த வருடம் பயம்.

போன வாரம் எங்கோ ஒரு கடைக்காரர் கொடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுவிட்டாராம். யாரோ படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். போலீஸ்வரை போயிற்றாம். இந்தத் தடவை கொடியே வேண்டாம், புதன்கிழமை முடியட்டும் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமை அவளுக்கு நேர்காணல். குடியுரிமைக்கு.

அவருடைய அடையாள அட்டை நீலம். மகள் புஷ்பராணியுடையதும் நீலம். அவளுடையது மட்டும் சிவப்பு. இந்த நாட்டில் இருந்துகொள்ளலாம். அவ்வளவுதான்.

ஓட்டுப் போடும் நாளில் இருவருக்கும் சோறாக்கி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அவர்கள் திரும்பியதும் விரலைப் பிடித்து மையைப் பார்ப்பாள்.

மூன்று முறை மனுப் போட்டாயிற்று. மூன்று முறையும் ஒரே கேள்வி. பிறப்புப் பத்திரம் எங்கே?

மலாயா சுதந்திரம் அடைந்த அன்றுதான் அவளும் பிறந்தாள். ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில். அப்பா அதற்குள் கொடியேற்றம் பார்க்க லாரி ஏறிப் பட்டணம் போயிருந்தார். மூன்றாம் நாள், கோஷம் போட்டுத் தொண்டை கட்டித் திரும்பினார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிப் பிள்ளையைப் பதிந்துவிட்டு வா என்று அம்மா நச்சரித்திருக்கிறாள். நாடே நமக்கு வந்தாச்சு, இனிமே தாள் எதுக்கு என்று அவர் சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பை அம்மா சாகும்வரை நடித்துக் காட்டினாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

"கழட்டிரு. எவனாவது படம் எடுத்தான்னா புதன்கிழமை உன்ன வாசல்லயே நிறுத்திருவான்."

"இத்தன வருசம் கட்டினேன். சிவப்பு ஐசிக்காரி எதுக்குடி கொடி கட்டுறன்னு எவனாவது வந்து கேட்டானா?"

"கேக்கல. இப்ப கேட்டா?"

அவள் முடிச்சை விடவில்லை. அவ்வளவு சந்தேகமாக இருந்தால் கீழே இறங்கி ரோட்டில் நின்று பார்க்கச் சொன்னாள். தப்பாக இருந்தால் திருப்பிக் கட்டுவாளாம். சரியாக இருந்தால், மகள் கேக்கோடு வருகிறவரை வாயைத் திறக்கக் கூடாதாம்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். முட்டியைப் பிடித்துப் பிடித்து, நான்கு மாடி.

சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கச் சீனர் கடை வாசலில் நின்று நிமிர்ந்தார்.

ஜன்னலுக்கு ஜன்னல் கொடி.

துணி காயும் கம்பியில். பூந்தொட்டிக்கு மேலே. பறவைக் கூண்டுக்குப் பக்கத்தில். ஒரே காற்றில் எல்லாம் சேர்ந்து உப்பின. சேர்ந்து அமுங்கின.

ஒன்றுகூடத் தலைகீழாய் இல்லை. எல்லாவற்றிலும் நிலா மேலே, இடது பக்கம்.

நாலாவது மாடி. ஓரத்திலிருந்து ஆறாவது வீடு. விரல் நீட்டி எண்ணினார். பாதியில் காற்றடித்து எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

நாற்பது வருடம் குடியிருக்கும் வீடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை தொடங்கினார்.

மேலே எங்கிருந்தோ அவள் குரல் மட்டும் இறங்கி வந்தது.

"ஏங்க... நம்மளோடது எதுன்னு தெரியுதா?"