கழற்றி வைத்த மோட்டார்

“இந்தத் தடவையும் டபுள்.”

கரண்ட் பில்லைத் தையல் மெஷின் மேல் வீசினான் புருஷன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் அவனுக்கு வேலை. அதனால் கரண்ட் விஷயத்தில் அவன் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

“உன் மெஷின் மோட்டார்தான் திங்குது. வேற என்ன இருக்கு இந்த வீட்டுல?”

தையல்காரி பில்லை எடுத்துப் பார்த்தாள். முதல் பில்லுக்கே ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று. அடுத்ததற்கு இஸ்திரிப் பெட்டி பரண் ஏறியது. மிச்சம் இருந்தது மோட்டார்தான். அதையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, காலால் பெடலை மிதிக்க ஆரம்பித்தாள்.

கால் வீங்கியது. மூட்டு பிடித்துக்கொண்டது. மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

“இன்னும் மிதிச்சே, அப்புறம் நடக்கவே முடியாது” என்றாள் டாக்டரம்மா.

மிதிக்காவிட்டால் ஸ்கூல் யூனிஃபார்ம் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். மிதித்தாள்.

அடுத்த பில் வந்தது. குறைவதற்குப் பதில் கூடியிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. திங்கிறது மோட்டார் இல்லை, ஆள்.

கீழ்வீட்டு அம்மா முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். கொஞ்ச காலமாக இவள் தலை தெரிந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

புருஷனிடம் சொன்னபோது எரிந்து விழுந்தான். “அவங்களைப் போய் எதுவும் கேட்டு வைக்காதே. பாவம், சீக்காளியை வச்சுக்கிட்டுக் கஷ்டப்படறாங்க.”

அவன் அப்படித்தான். ஊருக்கெல்லாம் நல்லவன். வீட்டுக்குள் வந்தால்தான் வாய் நீளும்.

மறுநாள் அவன் கடைக்குப் போனதும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் வீட்டில் இருந்த எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“இங்க எதுவும் ஓடலை. ஆனா கரண்ட் போகுதும்மா.”

“பார்த்தீங்களாண்ணே? நான் இல்லை, நான் இல்லைன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்” என்றாள்.

“நான் மெயினை அணைக்கிறேன். நீங்க கீழ போய் நின்னு பாருங்க. அவங்க வீட்டுல எது நிக்குதோ, அது உங்க கரண்ட்.”

ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினாள். இன்றைக்குக் கீழ்வீட்டு அம்மாவை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, டிவி பேசிக்கொண்டிருந்தது.

“அணைங்கண்ணே” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

ஃபேன் நிற்கவில்லை. டிவியும் நிற்கவில்லை. தையல்காரிக்கு முகம் விழுந்துவிட்டது.

அடுத்த நொடியே உள் அறையிலிருந்து ‘பீப் பீப்’ என்று சத்தம். கீழ்வீட்டு அம்மா சமையலறையிலிருந்து விழுந்தடித்து ஓடினாள். இவளும் நொண்டிக்கொண்டே பின்னால் போனாள்.

கட்டிலில் கீழ்வீட்டு அம்மாவின் புருஷன். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓட்டம் நின்று கத்திக்கொண்டிருந்தது. மனுஷர் வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடினார்.

“அண்ணே, போடுங்க. சீக்கிரம் மெயினைப் போடுங்க” என்று தையல்காரி அலறினாள்.

மெஷின் மறுபடி ஓடியது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் இவளுக்கு மூச்சு வந்தது.

மெஷினிலிருந்து கிளம்பிய ஒயர் ஜன்னல் வழியாக வெளியே போய் மாடிக்கு ஏறியது. ஜன்னல் ஓரத்தில் ஒரு ஜாயிண்ட். டேப் சுற்றி, அதன் மேல் நெருக்கமாக நூல் கட்டியிருந்தது. காயில் கட்டுகிறவனின் கட்டு. நூல், அவள் யூனிஃபார்ம் தைக்கிற நீல நூல்.

கீழ்வீட்டு அம்மா தையல்காரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நீ நல்லா இருக்கணும்மா. பில்லுக்குப் பயந்து பாதி நேரம் இதை அணைச்சே வச்சிருந்தேன். உன் வீட்டுக்காரர் பார்த்துட்டு அன்னிக்கே ஒயர் இழுத்துட்டார். இப்ப நாள் பூரா ஓடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எங்கிட்ட ஏதும்மா அவ்வளவு வசதி?”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“நீதானேம்மா குடுக்கச் சொன்னே? ‘என் சம்சாரம்தான் குடுக்கச் சொன்னா, அதைப் பத்திப் பேசினா கூச்சப்படுவா’ன்னார். உன் முகத்தைப் பார்த்தா அழுதுடுவேன்னுதான் கதவைச் சாத்திக்குவேன்.”

தையல்காரிக்கு நெஞ்சு கொதித்தது. என் பேரைச் சொல்லித் தர்மம் பண்ணத் தெரிந்தவனுக்கு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே. சொல்லியிருந்தால் நானே கொடுத்திருப்பேனே. பழியை என் தலையில் போட்டு, என் காலையும் வாங்கிவிட்டானே.

எலக்ட்ரீஷியன் கையில் கட்டிங் பிளேயரோடு இறங்கி வந்தார். “ஒயர் மாட்டிச்சாம்மா? வெட்டிடவா?”

கட்டிலில் இருந்தவர் அவளையே பார்த்தார். வெட்டினால் அவர் இல்லை. அந்த மெஷினும் இவள் மோட்டாரும் சேர்ந்து ஓடினால் பில் கட்டி மாளாது. ஒன்றுதான் ஓட முடியும்.

“வேண்டாண்ணே. திருட்டெல்லாம் ஒண்ணுமில்லை. என் மோட்டார்தான் திங்குது.”

“மோட்டாரா? அதைத்தான் கழட்டி அலமாரியில வச்சிருக்கீங்களே?”

அவள் படிப்பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து மாடி ஏறி, வீங்கிய காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்தாள்.