அம்மாவின் ஃபோல்டர்

பன்னிரண்டாயிரம் குடும்பப் போட்டோக்களைக் கம்ப்யூட்டர் முகம் பார்த்து, ஆளுக்கொரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தது.

“அம்மா, இதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? என் காலேஜ் போட்டோவையெல்லாம் உன் ஃபோல்டர்லயே கொண்டுபோய்க் கொட்டுது!”

“எங்கே, காட்டு.”

அம்மாவின் இளவயதுச் சிரிப்பும் மகளின் சிரிப்பும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கீழே, ‘இருவரும் ஒரே நபரா?’ என்ற கேள்வி.

“மூணாவது தடவையா கேக்குது. ‘இல்லை’ன்னு தட்டும்மா.”

“இருடி, தட்டலாம்.”

அம்மா அந்தத் திரையைச் செல்போனில் படமெடுத்து, சுடச்சுட நாத்தனாருக்கு அனுப்பினாள்.

“அத்தைக்கு எதுக்கு?”

“குழந்தைங்க காப்பகத்துலேருந்து உன்னைத் தூக்கிட்டு வந்த அன்னிக்கு, ‘உன் ஜாடை துளிகூட இல்லையே’ன்னு உதட்டைப் பிதுக்கினாங்க. பதினெட்டு வருஷமா நான் வாயே திறக்கல. இன்னிக்குக் கம்ப்யூட்டரே பதில் சொல்லிடுச்சு!”