பேசக் கூடாத ஒரு மணி நேரம்

பெட் ஸ்கேனுக்கான மருந்தை ஊசி வழியே ஏற்றிவிட்டு நர்ஸ், "ஒரு மணி நேரம் பேசாதீங்கம்மா. பேசினா தொண்டையில மருந்து சேர்ந்து, படத்துல கட்டி மாதிரி தெரியும்," என்று பிலோமினாளிடம் சொல்லிப் போனாள்.

சற்று நேரத்தில் தங்கை ஜெசிந்தா கதவருகே வந்து நின்றாள். இருவரும் பேசி ஒன்பது வருடமாகியிருந்தது.

"அம்மா செத்ததை உனக்குச் சொல்லாம விட்டது என் தப்புதான்க்கா. மன்னிச்சிரு."

பேசக் கூடாது என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. பிலோமினாள் தலையையாவது அசைத்திருக்கலாம். அசைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்துக்கு அந்த ஊசி வசதியாக இருந்தது.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் தங்கை இல்லை.

"இவ்வளவு நேரம் இருந்தாங்க. இப்பதான் அழுதுகிட்டே போனாங்க," என்றார் வாட்ச்மேன்.

பிலோமினாள் கைபேசியை எடுத்தாள். ஜெசிந்தாவின் எண்ணை அவள் என்றோ அழித்திருந்தாள்.